பின்னால் இருபது பல்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் சைக்கிள்கள் கிழக்கே போகும்போது ஒரு வண்டி, மேற்கே திரும்பினால் வேறொரு வண்டி. உடுமலையிலிருந்து பொள்ளாச்சிச் சாலையில் ஒருமுறை மிதித்துப் போனவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாலை கண்ணுக்கு எட்டும் தூரம்வரை கிட்டத்தட்ட சமதரைதான். மேடென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வருவதுபோல இருக்கும். மிதிப்பதை நிறுத்தினால் பத்தடி தூரத்தில் வண்டி நின்றுவிடும். அதே சாலையில் எதிரே வருகிற பையன் கைப்பிடியை விட்டுவிட்டு, பெடலில் காலைச் சும்மா வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடி கிழக்கே பறந்துகொண்டிருப்பான்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். மலையில் முட்டி நிற்கிற தென்மேற்குக் காற்றுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் திறந்த வாசல். வாசல் குறுகியது, காற்று பெரியது. ஆகவே இந்தப் பக்கம் வெளியே வரும்போது வேகம் கூடிவிடுகிறது. பூளவாடி, கேத்தனூர், குடிமங்கலம் பக்கமெல்லாம் காற்றாலைகள் காடுபோல எழுந்தது இதனால்தான். ஆனியும் ஆடியும் அவற்றுக்கு அறுவடைக் காலம். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறவர்களுக்கு அது சோதனைக் காலம்.

நான் ஆசிரியர். என் பள்ளி எங்கள் ஊருக்கு மேற்கே ஒன்பது கிலோமீட்டர். முப்பது வருடம் அப்பாவின் கறுப்புச் சைக்கிளில்தான் போய்வந்தேன், இன்றும் அதில்தான் போகிறேன். இந்தக் கட்டுரை அந்த வண்டியின் பின்சக்கரத்தில் இருக்கிற ஒரு சிறிய பல்சக்கரத்தைப் பற்றியது, அதையும் முன்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தையும் சேர்க்கிற சங்கிலியைப் பற்றியது. கியர் வைத்த வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் போகிறபோக்கில் மாற்றிக்கொள்ளலாம். புதிய காற்றாலைகளும் தங்கள் இறக்கையின் சாய்வைக் காற்றுக்கேற்ப மாற்றிக்கொள்கின்றன. ஒற்றைக் கியர் வண்டிக்காரன் மட்டும் மொத்த வருடத்துக்கும், எல்லாச் சாலைக்கும், எல்லாக் காற்றுக்கும் ஒரே ஓர் எண்ணை முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். பெரும்பாலும் அவன் தீர்மானிப்பதுகூட இல்லை. வண்டி வரும்போதே அந்த எண்ணோடு வருகிறது. அதை மாற்றலாம் என்பதே அவனுக்குத் தெரியாது. எனக்கும் முப்பது வருடம் தெரியவில்லை.

ஐம்பது தாண்டியபின் வலது முழங்காலில் ஒரு வலி வந்தது. ஆடியில் வரும், ஐப்பசியில் போய்விடும். மூன்று வருடம் அது காற்றோடு வந்து காற்றோடு போவதைப் பார்த்தபிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பல்லை எண்ணினேன். முன்னால் 48, பின்னால் 18. கிராங்கின் நீளத்தை அளந்தேன், ஆறரை அங்குலம். சக்கரம் 28 அங்குலம். ஒரு வண்டியின் குணத்தைச் சொல்லிவிட இந்த நான்கு எண்கள் போதும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

48ஐ 18ஆல் வகுத்தால் 2.67. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறது. இதை 28ஆல் பெருக்கினால் 74.7 அங்குலம் வருகிறது. சைக்கிள்காரர்கள் பலர் கியரை இந்த அங்குலக் கணக்கில்தான் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இது எதன் அங்குலம் என்று எனக்குப் புரியவில்லை. தேடிப் படித்தபோது கிடைத்த விடை என்னை நெடுநேரம் உட்கார வைத்துவிட்டது.

சங்கிலி வருவதற்கு முன்னால் பெடல் நேராக முன்சக்கரத்திலேயே இருந்தது. ஒரு மிதிக்கு ஒரு சுற்று. வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. முன்சக்கரம் ஆளுயரமாகவும் பின்சக்கரம் கையளவாகவும் உள்ள அந்தக் காலத்து வண்டியைப் படத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். அந்தச் சக்கரத்தின் விட்டம்தான் அந்த வண்டியின் கியர். காலின் நீளம் அதற்கு எல்லை. அறுபது அங்குலத்தைத் தாண்டினால் நெடிய மனிதனுக்கும் பெடல் எட்டாது. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் புஷ்ஷும் ரோலரும் வைத்த சங்கிலியைச் செய்தார். 1885இல் கவன்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வண்டி வந்தது. பெடல் நடுவில், சங்கிலி பின்சக்கரத்துக்கு. இரண்டு சக்கரமும் மனிதன் தரையில் கால் ஊன்றும் உயரத்துக்கு இறங்கின. சக்கரம் சிறுத்துவிட்டது, ஆனால் கணக்கு பழைய பெரிய சக்கரத்திலேயே நின்றுவிட்டது. 74.7 என்றால், நான் மிதிக்கிற வண்டி 74.7 அங்குல விட்டமுள்ள ஒரு பெரிய சக்கரத்தை நேராக மிதிப்பதற்குச் சமம் என்று பொருள்.

ஆறடி இரண்டே முக்கால் அங்குலம். அப்பா ஐந்தரை அடி மனிதர். கேரியரில் பருத்திக்கொட்டை மூட்டையை வைத்துக் கட்டி, ஆடிக்காற்றில், தன்னைவிட உயரமான, கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்கரத்தின்மேல் உட்கார்ந்து அவர் மிதித்துப் போயிருக்கிறார். இருபத்தைந்து வருடம். யாரும் அவரிடம் இவ்வளவு பெரிய சக்கரம் உங்களுக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை.

காற்றின் கணக்கு கொடியது. நம்மை எதிர்க்கிற விசை, நமக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. காற்றே இல்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவன்மேல் 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதுகிறது. எதிர்க்காற்று 20 கிலோமீட்டரில் வீசும் நாளில் அதே வேகத்தில் போக நினைத்தால் மோதுவது 35. எதிர்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல். யாரும் அப்படிப் போவதில்லை, வேகத்தைக் குறைத்துக்கொள்கிறோம். மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டி ஒரு மிதிச் சுற்றுக்குச் சுமார் ஆறு மீட்டர் போகிறது. அப்படியானால் நிமிடத்துக்கு 33, 34 சுற்று. செக்கிழுக்கிற மாட்டின் நடை அது. காலுக்கு இதமான சுற்று அறுபதுக்கு மேல் என்று வைத்துக்கொண்டால் இது அதில் பாதி. சுற்று குறையக் குறைய ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் தாங்கவேண்டிய சுமை கூடுகிறது. என் வலி எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

எங்கள் ஊர் நால்ரோட்டில் புளியமரத்தடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவருக்கு எழுபது வயதுக்கு மேல். வாடகை சைக்கிள் காலத்தில் பதினான்கு வண்டி வைத்திருந்தவர். இன்று பஞ்சர் ஒட்டுவதும், பள்ளிப் பிள்ளைகளின் வண்டிக்குக் கோட்டம் எடுப்பதும்தான் வேலை. நான் கணக்கெழுதிய தாளோடு போய், முன் பல்சக்கரத்தை 44 பல்லாக மாற்றிவிடலாமா என்று கேட்டேன். தாளைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார்.

“எதுக்குங்க சார் முன்னால கைய வெக்கறீங்க? பின்னால ரண்டு பல்லு ஏத்துனாப் போதுமுங்களே.”

அவர் சொன்னதில் இரண்டு நியாயம் இருந்தது. ஒன்று காசு. இந்த வகை வண்டியில் முன் பல்சக்கரம் வலது கிராங்கோடு ஒன்றாகப் பிணைந்தது. அதை மாற்றவேண்டுமானால் காட்டர் பின்னை அடித்துக் கழற்றவேண்டும், நாள்பட்ட காட்டர் பெரும்பாலும் வளைந்துதான் வெளியே வரும். பின்னால் இருப்பதோ ஃப்ரீவீல், ஹப்பில் மரை போட்டுத் திருகியது. விலையும் குறைவு. இரண்டாவது நியாயம் எண்ணில் இருக்கிறது. பின்னால் ஒரு பல் என்பது முன்னால் இரண்டரைப் பல்லுக்கும் அதிகம். 48க்கு 18 என்பதை 48க்கு 20 ஆக்கினால் சரியாகப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது, 67.2 அங்குலம். முன்னால் 44 போட்டு 18ஐ அப்படியே விட்டால் 68.4. கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் வருகிறோம், பாதி செலவில்.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் கிராங்க் தரைக்கு இணையாக இருக்கும்போது முழு எடையையும் பெடலில் இறக்கினால், பழைய பற்களில் சக்கரம் தரையை உந்துவது சுமார் பத்தரை கிலோ விசையோடு. 20 போட்டால் பதினொன்றரை. ஒரு கிலோதான் வித்தியாசம். மேஜையில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றுமில்லாததுபோல் தெரியும். ஒன்பது கிலோமீட்டர் எதிர்க்காற்றில் ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு சுற்று மிதிக்கிறவனுக்கு அந்த ஒரு கிலோ ஆயிரத்து எழுநூறு முறை கிடைக்கிறது.

22 போட்டாலென்ன என்றும் கேட்டேன். அதுவும் கிடைக்கிறது, பாரம் இழுக்கிறவர்கள் போடுவார்கள். 61 அங்குலம். மேற்கே போவதற்கு இன்னும் இலகு. ஆனால் புரட்டாசி முதல் வைகாசி வரை, காற்றில்லாத ஒன்பது மாதமும் கால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அவர் 20 என்றார், நான் ஒப்புக்கொண்டேன். இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கியருக்கு எண் தேர்கிறவர்கள் பலரும் சராசரியைப் பார்க்கிறார்கள். மேடும் பள்ளமும் எதிர்க்காற்றும் பின்காற்றும் சேர்த்துக் கூட்டி வகுத்து நடுவில் ஓர் எண். இது தவறு. பின்காற்றில் பல் கூடுதலாகப் போய்விட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. மிதிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கலாம், ஃப்ரீவீல் கிர்ரென்று ஓடும், காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும். எதிர்க்காற்றில் பல் போதாமல் போனால் இறங்கித் தள்ளவேண்டும், அல்லது முழங்காலைக் கொடுக்கவேண்டும். இரண்டு பக்க நஷ்டமும் ஒன்றல்ல. ஆகவே தவிர்க்கமுடியாத கடினமான நாளுக்குத்தான் எண் தேரவேண்டும்.

தவிர்க்கமுடியாத என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை திருமூர்த்தி மலை போகிறோம் என்பதற்காக அந்த ஏற்றத்துக்குப் பல் வைக்கவேண்டாம். அன்றைக்கு இறங்கித் தள்ளலாம், அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் தினமும் மேற்கேதான் இருக்கிறது.

ஃப்ரீவீல் கழற்றுவதைப் பார்ப்பது தனி அனுபவம். மிதிக்க மிதிக்க மரை இறுகிக்கொண்டே போகிற அமைப்பு அது. அப்பா இருபத்தைந்து வருடம் மிதித்தது, நான் முப்பது வருடம் மிதித்தது, நடுவில் இரண்டுமுறை மாற்றியது போக மீதி அத்தனையும் அந்த மரையில் இறுகி இருந்தது. கடைக்காரர் கழற்றியை வைஸில் பிடித்து, சக்கரத்தை அதன்மேல் படுக்கவைத்துப் பொருத்தி, இரண்டு கையாலும் லாரி ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் சக்கரத்தைத் திருப்பினார். முதலில் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தோம். இரண்டாம்முறை டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பிறகு விரலாலேயே சுற்றி எடுத்துவிட்டார்.

இனி சங்கிலி. உண்மையில் நான் எழுத உட்கார்ந்ததே இதைப் பற்றித்தான்.

சங்கிலியில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம். பல்லுக்குப் பல்லும் அதே அரை அங்குலம். ஆனால் சங்கிலி உள் கண்ணி, வெளிக் கண்ணி என்று மாறி மாறி வருவதால் ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இரண்டு இரண்டாகத்தான் முடியும். அதாவது சங்கிலியின் நீளம் ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகவே மாறும். 110 கண்ணி உண்டு, 112 உண்டு, 111 கிடையாது. பல்லும் அப்படியே, 19 உண்டு, 20 உண்டு, நடுவில் ஒன்றுமில்லை. வண்டியில் உள்ள இந்த இரண்டும் முழு எண்கள். ஆனால் பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் முழு எண் அல்ல. இரும்புக் குழாயை எங்கே வெட்டி எங்கே பற்றவைத்தார்களோ அங்கே அது நிற்கிறது. முழு எண்ணால் அளந்து முழு எண் அல்லாத ஒன்றை நிரப்பவேண்டும். மிச்சம் ஒன்று விழுந்தே தீரும்.

நான் கணக்குப் போட்டிருந்தேன். அச்சுக்கு அச்சு 19 அங்குலம், கண்ணிக் கணக்கில் 38. போக ஒரு 38, வர ஒரு 38, ஆக 76. இரண்டு பல்சக்கரத்திலும் சங்கிலி பாதிப் பாதி சுற்றிக்கொள்வதால் 48இல் பாதியும் 20இல் பாதியும், 34. கூட்டினால் 110. ஒன்று பெரிது ஒன்று சிறிது என்பதால் சங்கிலி சற்றுச் சாய்வாகப் போகிறது. அதற்குக் கொஞ்சம் கூட்டவேண்டும். பற்களின் வித்தியாசத்தை 6.28ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, 38ஆல் வகுத்தால் அரைக் கண்ணி. மொத்தம் நூற்றுப் பத்தரை. எந்தக் கடையிலும் கிடைக்காத எண்.

அவர் கணக்குப் போடவில்லை. புதுச் சங்கிலியை எடுத்து இரண்டு பல்சக்கரத்திலும் மாட்டி, இரண்டு முனையையும் கீழே கொண்டுவந்து சேர்த்துப் பிடித்தார். கட்டைவிரலால் ஒரு பின்னைத் தொட்டுக் காட்டி, இங்கே என்றார். எண்ணிப் பார்த்தேன். 110.

“அரைக் கண்ணி பத்தாதுங்களேண்ணா?”

“வீலு முன்னால போவுமுங்க.”

பின் ஃபோர்க்கின் முனையில் ஆக்சில் உட்கார நீளமாக ஒரு பிளவு இருக்கும். ஓர் அங்குலத்துக்கும் மேல். அந்தப் பிளவுக்குள் சக்கரம் முன்னும் பின்னும் நகரலாம். அரைக் கண்ணி குறைகிறதென்றால் சங்கிலியின் நீளத்தில் கால் அங்குலம். மேலும் கீழுமாக இரண்டு ஓட்டம் இருப்பதால் சக்கரம் நகரவேண்டியது அதில் பாதி, அரைக்கால் அங்குலம். ஒரு பென்சிலின் பாதித் தடிமன். நூற்றுப் பத்தரை என்கிற கிடைக்காத எண்ணைக் கிடைக்கவைக்க ஓர் இரும்புத் துண்டில் ஒரு வெற்றிடம் விட்டால் போதும் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். சைக்கிளில் எனக்கு மிகப் பிடித்த பாகம் எது என்று கேட்டால் நான் அந்த வெற்றிடத்தைத்தான் சொல்வேன். அங்கே ஒரு பாகமும் இல்லை. ஆனால் வண்டியை வைத்திருப்பவன் பல்லை மாற்றிக்கொள்ளலாம் என்ற அனுமதி அங்கேதான் இருக்கிறது. பிளவு இல்லாமல் ஆக்சிலுக்கு ஒரே இடம் வைத்து வருகிற ஃபிரேமில் ஒற்றைக் கியர் போட்டால் சங்கிலியை இறுக்கத் தனியாக ஓர் உருளை வைத்துக் கட்டவேண்டும். அல்லது ஒரு முனை அகலமாகவும் ஒரு முனை குறுகலாகவும் உள்ள அரைக் கண்ணி ஒன்றைச் சேர்த்து ஒற்றைப்படை எண்ணை உண்டாக்கவேண்டும். அதுவும் எல்லா அளவுக்கும் பொருந்தாது.

112 போட்டிருந்தாலும் சக்கரம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கும். ஏன் 110 என்று கேட்டேன். சங்கிலி நாளாக ஆக நீளும், அப்போது சக்கரத்தைப் பின்னால் இழுக்க இடம் வேண்டும். இப்போதே பின்னால் வைத்துவிட்டால் நாளைக்கு எங்கே போவது என்றார். சங்கிலி நீள்கிறது என்பது பேச்சு வழக்கு. இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் மணலும் எண்ணெயும் சேர்ந்த மாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. நூற்றுப் பத்து மூட்டிலும் மயிரிழை மயிரிழையாகச் சேர்ந்த தேய்மானம்தான் நீளமாகத் தெரிகிறது. பன்னிரண்டு அங்குலம் இருக்கவேண்டிய 24 கண்ணி பன்னிரண்டே அரைக்கால் அங்குலம் ஆகிவிட்டால் சங்கிலியை மாற்றிவிடவேண்டும். இது நூறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். ஐம்பத்தைந்து அங்குலச் சங்கிலியில் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், ஆக்சில் கணக்கில் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு சங்கிலியின் முழு ஆயுளுக்கும் பிளவில் கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமான இடம் பின்னால் இருந்தால் போதும். மாற்றாமல் இரண்டு கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. அது தப்பு. தேய்ந்த சங்கிலி புதிய பல்லில் உட்காராது, பல்லின் நுனிக்கு ஏறி நிற்கும். அழுத்தி மிதித்தால் தாவும். போகப்போகப் பல்லையும் சுறாமீன் பல்போல் வளைத்துவிடும். பழைய சங்கிலியையே போட்டுக்கொள்ளலாமா என்று நானும் கேட்டவன்தான். அதைத் தரையில் போட்டு ஸ்கேல் வைத்துக் காட்டினார், பிறகு கேட்கவில்லை.

இன்னொன்றையும் அன்று கற்றேன். கழற்றி மாட்டும்போது பழைய பல்சக்கரத்தில் வெளிக் கண்ணி எந்தப் பல்லில் உட்கார்ந்திருந்ததோ அதே வரிசையில்தான் மீண்டும் மாட்டவேண்டும் என்று முன் பல்சக்கரத்தில் ஒரு பல்லுக்குச் சாக்பீஸ் அடையாளம் வைத்தார். அப்போது எனக்கு அது ஒரு வழக்கம்போலத்தான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் சரி. 48 இரட்டைப்படை, சங்கிலியும் இரட்டைப்படை. ஆகவே ஒன்றுவிட்டு ஒரு பல்லில் எப்போதும் வெளிக் கண்ணி, மற்றவற்றில் எப்போதும் உள் கண்ணி. பல் அதற்கேற்ப ஒன்றுவிட்டு ஒன்று தேய்ந்திருக்கும். வரிசை மாறினால் சில வாரங்களுக்குக் கரகரவென்று சத்தம் வரும். புதுச் சங்கிலி என்றாலும் அந்தப் பழைய பல்லுக்கு மரியாதை தருகிறார்.

ஆக்சிலை நகர்த்தி நட்டை இறுக்குவதற்கு முன்னால் பெடலை மெல்லச் சுற்றிக்கொண்டே சங்கிலியை நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தார். பல்சக்கரம் எதுவும் முழு வட்டமில்லை. ஓரிடத்தில் சங்கிலி இறுகும், ஓரிடத்தில் தளரும். இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அரை அங்குலம் ஆடும்படி விடவேண்டும். தளர்ந்த இடத்தில் வைத்து இறுக்கினால் அரைச்சுற்றில் சங்கிலி கம்பிபோல் விறைத்து பேரிங்கைத் தின்னும். சக்கரம் முன்னால் வந்ததால் பிரேக் கட்டையும் ரிம்மை விட்டு விலகிவிட்டது. கம்பிப் பிரேக் வண்டியில் அதையும் கூடவே நகர்த்தவேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைசியாகச் சங்கிலி லாக். அதன் மூடிய முனை சங்கிலி ஓடுகிற திசையைப் பார்த்திருக்கவேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது தட்டி ஒருநாள் கழன்றுவிடும்.

மறுநாள் காலை மேற்கே போனேன். காற்று அப்படியேதான் இருந்தது. நான் வேகமாகவும் போகவில்லை, சொல்லப்போனால் பழைய நேரமேதான் ஆயிற்று. பள்ளி வாசலில் இறங்கும்போது மட்டும் காலை மடக்கி நீட்டிப் பார்க்கவேண்டிய தேவை வரவில்லை.

டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1903இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய ஹென்றி தெக்ரான்ஜ், கியர் மாற்றும் வசதி நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்று நம்பியவர். பல்லை வைத்து வெல்வதைவிடத் தசையை வைத்து வெல்வதே பெருமை என்பது அவர் கட்சி. 1937 வரை அந்தப் பந்தயத்தில் சங்கிலியைப் பல் விட்டுப் பல் தாவவைக்கும் கருவிக்கு இடமில்லை. வீரர்கள் பின் ஹப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் வைத்திருப்பார்கள். மலையடிவாரம் வந்ததும் இறங்கி, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, பெரிய பல்லில் சங்கிலியை மாட்டி ஏறுவார்கள். அதே சங்கிலி, அதே பிளவு. பல் கூடினால் ஆக்சில் முன்னால், பல் குறைந்தால் பின்னால். ஆல்ப்ஸ் மலையில் பனியில் விறைத்த விரல்களோடு அவர்கள் செய்ததும் எங்கள் புளியமரத்தடியில் நடந்ததும் ஒரே வேலை. தெக்ரான்ஜின் கட்சியோடு எனக்கு உடன்பாடில்லை. பந்தய வீரனுக்கு அது பெருமையாக இருக்கலாம், அவன் அதற்கென்றே வந்தவன். பருத்திக்கொட்டை மூட்டையோடு போன என் அப்பா யாரையும் வெல்வதற்காகப் போகவில்லை. தசைக்குத் தேவையில்லாத சுமையைக் கொடுத்துவிட்டு அதை உழைப்பு என்று பாராட்டுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களில் பலர் ஆண்கள் ஓட்டும் வண்டியையே கேட்டு வாங்கினார்கள். முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது காரணம். எதைச் சுமக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதை வைத்து வண்டியைத் தேர்ந்தார்கள். பல்லையும் அப்படித் தேரலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் தேர்ந்திருப்பார்கள்.

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி வருகிறது. வண்டி கிடைத்த நாளில் அந்த மைதானத்தைப் பார்க்கவேண்டும். எங்கள் தலைமுறைக்கு அப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. இந்தத் திட்டத்தால் படிப்பைத் தொடர்ந்த பெண்களை நான் பெயர்சொல்லி அறிவேன். எல்லாம் ஒற்றைக் கியர்தான், அதுதான் சரியும்கூட. பழுது குறைவு, கிராமத்துக் கடையில் சரிசெய்துவிடலாம். ஆனால் நாகப்பட்டினத்துச் சமவெளிக்கும், கோத்தகிரி மேட்டுக்கும், எங்கள் கணவாய்க் காற்றுக்கும் ஒரே பல் பொருந்தாது. யாருடைய குறையும் அல்ல இது. லட்சக்கணக்கில் செய்கிற பொருள் ஒரே மாதிரிதான் வரும். அது வந்து சேர்ந்த இடத்தில்தான் அந்த ஊருக்கு ஏற்றபடி ஆகவேண்டும். அதற்காகத்தானே பிளவு வைத்திருக்கிறது.

போன ஆடியில் என் வகுப்பு மாணவி ஒருத்தி தினமும் முதல் பாடவேளைக்குத் தாமதமாக வந்தாள். ஊர் எங்கள் ஊருக்கும் கிழக்கே, பதினொரு கிலோமீட்டர். நேரத்தோடுதான் புறப்படுகிறேன் சார், காத்து விட மாட்டேங்குது என்றாள். சக ஆசிரியர்கள் சிலர் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் அவளுடைய வண்டியைக் கவிழ்த்துப் பல்லை எண்ணினேன். அக்கா ஓட்டி அவளுக்கு வந்த பழைய வண்டி. 26 அங்குலச் சக்கரம், முன்னால் 44, பின்னால் 18. 63.6 அங்குலம். காற்றில்லாத ஊரில் குறைசொல்ல ஒன்றுமில்லாத எண். நாற்பது கிலோகூட இல்லாத ஒரு பிள்ளை, முதுகில் புத்தகப் பையோடு, எதிர்க்காற்றில் அதை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறது.

காற்றுப் பாதையில் இருக்கிற பள்ளிகளின் ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆனி தொடங்குவதற்கு முன்னால் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். தாமதமாக வருகிற பிள்ளையின் வண்டியில் பின்பல்லை எண்ணிப் பாருங்கள். 18 என்றிருந்தால் உள்ளூர்ச் சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லி 20 போடச் சொல்லுங்கள். ஒரு டயர் வாங்குகிற காசுகூட ஆகாது.

அவள் வண்டியின் சங்கிலி அவ்வளவாகத் தேய்ந்திருக்கவில்லை, அதையே போட்டுக்கொண்டோம். 44இன் பாதியும் 20இன் பாதியும் முன்பிருந்ததைவிட ஒரு கண்ணிதான் அதிகம். புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. பின்னால் இப்போது இருபது பல், ஆக்சில் கால் அங்குலம் முன்னால் வந்திருக்கிறது.